மூச்சு நின்ற இடம்

"மாமா, அப்பாவோட டெத் சர்டிபிகேட் இன்னும் நாலு காப்பி வேணும். யார்கிட்ட கேக்கணும்?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இப்படி ஒரு போன் வரும். வட கலிபோர்னியாவில் நம் ஜனங்கள் இருக்கிற ஊர்களில் இதற்கென்று ஒரு மாமாவோ மாமியோ இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோயிலில் நாலு பேருக்குத் தெரிந்தவர், படிவத்தைப் பார்த்தால் பதறாதவர். எங்கள் பக்கத்தில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்பா எங்கே காலமானார்?" வருகிற பதில் பெரும்பாலும், "ஃப்ரீமான்ட்ல எங்களோடதான் இருந்தார் மாமா" என்று இருக்கும். இருந்த இடம் வேறு, மூச்சு நின்ற இடம் வேறு. கவுண்டி ஆபீசுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டியைச் சேர்ந்தது, தலைமையிடம் ஓக்லண்ட். ஆனால் உடம்பு மோசமாகி டம்பார்ட்டன் பாலம் தாண்டி ஸ்டான்ஃபோர்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே உயிர் பிரிந்திருந்தால் அது பாலோ ஆல்டோ, அதாவது சான்டா கிளாரா கவுண்டி. பதிவு சான் ஹோசேயில் இருக்கும். முப்பது வருடம் ஃப்ரீமான்டில் வீட்டு வரி கட்டியவர் என்று ஓக்லண்ட் கவுன்ட்டரில் போய் நின்றால், "இங்கே பதிவு இல்லை" என்பார்கள். தேடிய கூலியாகக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு, இல்லை என்பதற்கே ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள். கலிபோர்னியாவில் கவுண்டிகள் 58.

இது நமக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாட்டிலும் மரணம் நேர்ந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவாகிறது. உசிலம்பட்டிக்காரர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்தால் மதுரையில்தான் வாங்க வேண்டும். அங்கே அது தெரிந்தவர்களும் இங்கே வந்தபின் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் இங்கே எதைக் கேட்டாலும் முதலில் வீட்டு முகவரியைத்தான் கேட்கிறார்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்த பெற்றோருக்கும் இதே விதி. வசிப்பிடம் என்ற கட்டத்தில் மதுரை என்றோ தஞ்சாவூர் என்றோ எழுதுவார்கள், பதிவேடு மட்டும் இறந்த கவுண்டியிலேயே கிடக்கும். விமானத்தில் வரும்போதே உயிர் போய்விட்டால்? உடலை முதலில் எங்கே இறக்குகிறார்களோ அங்கே பதிவு செய்வது என்பது பெரும்பாலான மாநிலங்களில் உள்ள ஏற்பாடு. இதில் ஒரு வேடிக்கை, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் சான் பிரான்சிஸ்கோவில் இல்லை. நகரத்துக்குச் சொந்தம்தான், ஆனால் நிலம் சான் மட்டேயோ கவுண்டி.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு, குளிருக்குப் பயந்து பாதி வருடம் சென்னையில் இருக்கிறவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் அங்கே காலமானால் எந்தக் கவுண்டியிலும் ஒன்றும் இருக்காது. சென்னை மாநகராட்சியின் சான்றிதழை வைத்து, அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் வெளிநாட்டில் இறந்த குடிமகன் பற்றிய அறிக்கை ஒன்றைத் தரும். இங்கே உள்ள பாங்கும் இன்ஷூரன்சும் கேட்பது அதைத்தான்.

பிரபலங்களுக்கும் இதே விதிதான். இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார், சென்னையில் வளர்ந்தார், கேம்பிரிட்ஜில் படித்தார், 1983-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கினார். 1995 ஆகஸ்டில் இறந்தது சிகாகோவில். அவருடைய இறப்புப் பதிவுக்கு உரிய இடம் இல்லினாய் மாநிலத்தின் குக் கவுண்டி. அந்த மாநிலத்தில் இருபது வருடம் கடந்த இறப்புப் பதிவுகளை வம்ச ஆராய்ச்சிக்காக யார் வேண்டுமானாலும் கேட்கலாம். டெக்சாசில் இருபத்தைந்து வருடம். ஃப்ளோரிடாவில் சான்றிதழை எவரும் வாங்கலாம், ஆனால் மரணக் காரணம் ஐம்பது வருடத்துக்கு மறைத்துவைக்கப்படும். குடும்பத்தாருக்கு மட்டும் காரணத்தோடு தருவார்கள். லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ். மாசசூசெட்ஸ், கனெடிகட் பக்கம் டவுன் கிளார்க்கிடம் போக வேண்டும். நாடு ஒன்றுதான், விதி அந்தந்த மாநிலம் வைத்தது. மகன் நியூ ஜெர்சியிலும் மகள் டாலசிலும் இருந்துகொண்டு சான் ஹோசே பதிவுக்காகப் போனில் வாக்குவாதம் செய்தால், இருவருக்கும் தெரிந்த விதி இரண்டுமே அங்கே செல்லாது.

கலிபோர்னியாவுக்கே வருகிறேன். இங்கேயும் ஒரே கவுண்டிக்குள் இரண்டு ஜன்னல் உண்டு. அண்மையில் நடந்த மரணம் என்றால் பொதுச் சுகாதாரத் துறையின் பதிவுப் பிரிவு. கொஞ்ச காலம் கழித்து கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகம். பெர்க்லி, லாங் பீச், பாசடேனா ஆகிய மூன்று நகரங்களுக்குச் சொந்தமாகச் சுகாதாரத் துறை இருப்பதால், புதிய பதிவை அங்கேயே கேட்க வேண்டிவரும். இவை தவிர சாக்ரமென்டோவில் மாநில அலுவலகம் இருக்கிறது. 1905 ஜூலை முதல் நடந்த மரணங்கள் எல்லாம் அங்கே உண்டு. எந்தக் கவுண்டி என்றே தெரியாதபோது அதுதான் கதி. தெரிந்தால் கவுண்டிக்கே போங்கள், மாநில அலுவலகத்தைவிடச் சீக்கிரம் கிடைக்கும். இணையத்தில் கேட்பதற்கு வைட்டல்செக் என்ற நிறுவனத்தைப் பல கவுண்டிகள் பயன்படுத்துகின்றன, அதற்குத் தனிக் கட்டணம் சேரும். தேடும்போது அரசாங்கம் மாதிரியே முகம் வைத்துக்கொண்டு வேறு பல தளங்கள் முன்னால் வந்து நிற்கும். கவுண்டியின் சொந்தத் தளத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

அடுத்து, நகலில் இரண்டு வகை. 2003 ஜூலை முதல் இந்த மாநிலத்தில் முழு உரிமையுள்ள நகலைக் குறிப்பிட்ட சிலருக்குத்தான் தருகிறார்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, இறந்தவருக்காகச் செயல்படும் வக்கீல், ஈமச் சடங்கு நிறுவனத்தார் என்று பட்டியல் போகும். மற்றவர்களுக்குக் கிடைப்பது தகவல் நகல்; அடையாளத்தை நிரூபிக்க இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். செத்தவர் பெயரில் கடன் வாங்குகிற உலகம் இது, காரணம் இல்லாமல் இந்தக் கெடுபிடி வரவில்லை.

அந்தப் பட்டியலில் நம் வீட்டு நியாயத்தைத் தேடாதீர்கள். கடைசி எட்டு வருடம் மாமியாரைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் மருமகளாக இருப்பாள். பட்டியலில் மருமகள் என்ற உறவுக்கு இடம் இல்லை. எப்போதோ விருந்தாளியாக வந்துபோன மகனுக்கு இருக்கிறது. விண்ணப்பத்தில் அவன்தான் கையெழுத்திட வேண்டும். பொய் சொன்னால் தண்டனைக்கு உள்ளாவேன் என்று சம்மதித்துப் போடுகிற உறுதிமொழி அது. நேரில் போனால் கவுன்ட்டர்காரர் முன்னால் போடலாம், அடையாள அட்டையைக் காட்டினால் போதும். தபாலில் அனுப்பினால் நோட்டரி முன்னால் போட்டு முத்திரை வாங்க வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டரியிடம் போனால் திரும்பவும் போடச் சொல்வார். அந்த வரியைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கவுண்டித் தளத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதுதான். நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. கவுண்டியில் நாம் வாங்குவது நாம் சொல்லி எழுதிய காகிதம். மருத்துவர் எழுதுவது மரணக் காரணத்தை. மற்றக் கட்டங்களெல்லாம் ஃப்யூனரல் ஹோமில் ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அழுத கண்ணோடு, நம் வீட்டார் யாரோ வாய்மொழியாகச் சொன்னவை. இங்கே இறப்பை எட்டு நாளுக்குள் பதிய வேண்டும், பதிந்தால்தான் தகனத்துக்கு அனுமதி கிடைக்கும். நம் வழக்கமோ சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்பது. அந்த அவசரத்தில் யார் உட்காருகிறார்கள்? மூத்த பிள்ளை சடங்குக்கு ஐயரையோ ஓதுவாரையோ தேடிக்கொண்டிருப்பான். கார் ஓட்டத் தெரிந்த மாப்பிள்ளை போய் உட்காருவார்.

"அப்பாவின் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர்?"

இந்தக் கேள்வியில்தான் தமிழன் மாட்டிக்கொள்கிறான். ஊரில் அவர் கி. சுப்பிரமணியன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொன்னபோது, சுப்பிரமணியன் இட்ட பெயராகவும் கிருஷ்ணன் குடும்பப் பெயராகவும் ஏறியது. கிரீன் கார்டும் அப்படியே. பாங்கில் மிஸ்டர் கிருஷ்ணன் என்றே அழைத்தார்கள். அது அவர் தகப்பனார் பெயர் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு விட்டுவிட்டார். சிலருக்கு இன்னும் மோசம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதல் பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்து ஒட்டிக்கொள்ளும், அது ஓட்டுநர் உரிமம் வரைக்கும் கூடவே வரும். இப்போது இறப்புச் சான்றிதழில் மனிதர் கிருஷ்ணன் ஆகிவிட்டார். திருநெல்வேலியில் பட்டா கி. சுப்பிரமணியன் பெயரில் கிடக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், தாசில்தார் அலுவலகத்தில் இருவரும் ஒருவரே என்று காட்டச் சொல்வார்கள். கேட்பதில் தப்பும் இல்லை.

கலிபோர்னியாச் சான்றிதழில் இதற்கு ஒரு கட்டம் உண்டு: இன்ன பெயராலும் அறியப்பட்டவர் என்று எழுதும் இடம். பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், மாப்பிள்ளைக்கு அது தெரிய நியாயமில்லை. பத்திரத்தில், பட்டாவில், பென்ஷன் புத்தகத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதை அந்தக் கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் வக்கீலுக்கும் நோட்டரிக்கும் நடக்கிற நடை பாதி குறையும். பழைய பதிவைத் தேடுகிறவர்களையும் பெயரை இரண்டு பக்கமும் புரட்டிப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். 'கே' வரிசையில் இல்லாதவர் 'எஸ்' வரிசையில் இருப்பார்.

பெயரோடு முடியவில்லை. தகப்பனார் பெயர், அவர் பிறந்த இடம்; தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயர், அவர் பிறந்த இடம். "அப்பத்தா" என்றே கூப்பிட்டுப் பழகிய பேரனுக்கு அவள் பெயர் மீனாட்சியா காமாட்சியா என்று தெரியவில்லை. தெரியாது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியே அது நூறு வருடம் இருக்கும். நம் வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் தகப்பன் இனிஷியல், பின் புருஷன் இனிஷியல். கேட்கிற பெண்மணிக்கு அது புரியாது, பொறுமையாகத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு தொழில். வாழ்நாளில் அதிகக் காலம் செய்த வேலை எது, எந்தத் துறையில், எத்தனை வருடம் என்று மூன்று கட்டம். "ஓய்வு பெற்றவர் என்று எழுதாதீர்" என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. எனக்கு அந்தப் படிவத்தில் பிடித்த வரி அது. ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் கார்டாக இருந்தவரை, இங்கே வந்து பேரனைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போன பத்து வருடத்தை வைத்து யாரும் எடைபோட முடியாது. அம்மா வீட்டில்தான் இருந்தாள் என்றால் இல்லத்தரசி என்று எழுதுங்கள், வருடத்தையும் எழுதுங்கள். ஐம்பத்திரண்டு என்றால் ஐம்பத்திரண்டு.

ஆகவே நான் வீட்டுக்கு வீடு நச்சரிப்பது இதைத்தான்: பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாயால் சொல்லவைத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். எல்லாப் பெயர்களும், எந்த ஆவணத்தில் எது என்பதும், தாய் தகப்பன் பெயரும் ஊரும். அபசகுனம் என்று முகம் சுளிக்கிறவர்கள் பிள்ளைகள்தான், பெரியவர்கள் இல்லை. தன் தாயின் பெயரைச் சொல்லச் சொன்னால் எண்பது வயதுக்காரர் யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் பேசுவார்.

மருத்துவர் எழுதும் பகுதி வேறு விதம். மேல் வரியில் உடனடிக் காரணம், கீழே அதற்கு வழிவிட்டது எது, அதற்கும் கீழே எங்கிருந்து தொடங்கியது என்று படியிறங்கிப் போகும். சர்க்கரை வியாதிக்காரர் இதயம் நின்று இறந்தால் இரண்டும் வேறு வேறு வரியில் வரலாம். விழுந்து அடிபட்டோ, திடீரென்றோ, மருத்துவர் பார்க்காமலோ போனால் கரோனர் வருவார். அவர் பரிசோதனை முடியும்வரை காரணம் நிலுவையில் என்று எழுதிச் சான்றிதழ் தருவார்கள். தகனத்துக்கு அது போதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போதாது. அந்த நிலையில் நிறைய நகல் வாங்கிப் பணத்தை விடாதீர்கள். காரணம் தெரிந்து திருத்தம் ஏறிய பிறகு வாங்குங்கள்.

திருத்தம் என்றால் அழித்து எழுதுவது என்று நினைக்க வேண்டாம். முதலில் எழுதியது அப்படியே இருக்கும். விவரம் அறிந்தவர்கள் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் அது இரண்டாம் பக்கமாகச் சேரும். அதன்பின் எப்போது நகல் கேட்டாலும் தப்பும் திருத்தமுமாக இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும்.

எத்தனை நகல்? பத்து வாங்கு என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒவ்வொன்றும் இருபது டாலருக்கு மேல். முதலில் உட்கார்ந்து எண்ணுங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்குப் பெரும்பாலும் ஃப்யூனரல் ஹோமே தகவல் கொடுத்துவிடும். கூடவே வாழ்ந்த கணவனுக்கோ மனைவிக்கோ அவர்கள் ஒரே தடவையாகத் தருவது 255 டாலர். 1950களில் வைத்த உச்சவரம்பு அது, இன்றைக்கு மாலைக்கும் பூவுக்கும் சரியாக இருக்கும். இருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸ், ஓய்வூதியக் கணக்கு இவற்றுக்கு முத்திரை நகல் வேண்டும். பாங்குகள் சில பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். வீடு இருவர் பெயரில் இருந்தால், ஒருவர் இறந்த உறுதிமொழிப் பத்திரத்தோடு ஒரு நகலைச் சேர்த்து, வீடு இருக்கிற கவுண்டியின் ரெக்கார்டரிடம் பதிய வேண்டும். சொத்து மதிப்பீட்டாளருக்கு 150 நாளுக்குள் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இங்கே மட்டும் வீட்டு முகவரி செல்லுபடியாகும் என்பதைக் கவனியுங்கள்: மரணப் பதிவு சான் ஹோசேயில், வீட்டுப் பத்திரம் ஓக்லண்டில்.

இந்தியாவுக்கு என்று ஒன்றிரண்டு தனியாக வையுங்கள். இறந்தவர் இந்தியக் குடிமகன் என்றால் பாஸ்போர்ட்டை ரத்து செய்யவும், உடலையோ அஸ்தியையோ ஊருக்குக் கொண்டுபோகவும் இந்தியத் துணைத் தூதரகம் சான்றிதழைக் கேட்கும். நிலம், வீடு, பாங்குக் கணக்கு என்று ஊரில் ஏதாவது இருந்தால், ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாட்டில் செல்லவைக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். இந்தியா அந்த முத்திரையை ஏற்கும் உடன்படிக்கைக்குள் வந்தது 2005 ஜூலையில். சாக்ரமென்டோவிலோ லாஸ் ஏஞ்சலிசிலோ மாநிலச் செயலர் அலுவலகத்தில் அதை வைப்பார்கள். அவர்கள் பார்ப்பது நகலில் கையெழுத்திட்டவர் யார் என்பதை. கிளார்க்-ரெக்கார்டர் கையெழுத்து என்றால் சிக்கல் இல்லை. சுகாதார அதிகாரி கையெழுத்து என்றால் கவுண்டி கிளார்க்கிடம் முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு வரச் சொல்லித் திருப்பக்கூடும். எனவே இந்தியாவுக்கு அனுப்பும் நகலை ரெக்கார்டர் ஜன்னலில் வாங்குவது என் வழக்கம்.

பழைய பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கா முழுவதும் இறப்பு பதிவது என்பது 1933-ல்தான் நிறைவேறியது. அதற்கு முந்தைய காலத்தில் பதிவு இருந்தால் அதிர்ஷ்டம். 1871-ல் சிகாகோ எரிந்தபோது குக் கவுண்டியின் ஏடுகளும் எரிந்தன. 1906 நிலநடுக்கத்தை அடுத்து வந்த தீயில் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தோடு பெரும்பாலான பதிவுகள் போயின. ஏடு இல்லாமல் போனதைப் பயன்படுத்தி, நான் இங்கே பிறந்தவன் என்று சொல்லிக் குடியுரிமை பெற்ற சீனர்கள் பலர். அவர்கள் காகிதத்தில் மட்டும் மகன்களாக்கி அழைத்துவந்த பையன்கள் சாகும்வரை இரவல் பெயரிலேயே இருந்ததும், இரவல் பெயரிலேயே புதைக்கப்பட்டதும் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் நம் இனிஷியல் சங்கடம் சங்கடமே இல்லை.

இம்பீரியல் கவுண்டியில் நூறு வருடத்துக்கு முன் பருத்தி போட்ட பஞ்சாபி விவசாயிகள் மெக்சிகப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் இன்று எல் சென்ட்ரோ கவுன்ட்டரில் தாத்தாவைத் தேடுகிறார்கள். நம் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் தேடுவார்கள். பள்ளியில் வம்ச மரம் வரையச் சொல்லும்போதே சிலர் ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குத் தகவல் நகலே போதும். உறவு சொல்ல வேண்டாம், உறுதிமொழி வேண்டாம், நோட்டரி வேண்டாம். பெயர், தேதி, கவுண்டி, ஒரு செக். கட்டணம் மட்டும் குறையாது, இரண்டு வகைக்கும் ஒரே விலைதான்.